தங்கையின் கட்டிலில் கேட்ட சத்தம்

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். கீழ்க்கட்டளையில் அந்த வீடு இன்னும் இருக்கிறது. ஜென்சியும் அங்கேதான் இருக்கிறாள். இது அவளுக்கு நடந்தது, பட்டப்பகலில்.

தங்கை ஜோசலினுக்குப் பிறவியிலேயே இதய வால்வில் கோளாறு. அதனால் ஜன்னலோரக் கட்டில் அவளுக்கு. வீட்டின் ஒரே ஏ.சி. அவளுக்கு. சபையில் ஜெபம்கூட அவள் பெயருக்குத்தான். பார்க்கப் பார்க்க ஜென்சிக்கு வயிறு எரியும்.

இரண்டு மாதம் முன்பு, ஜோசலினுக்குச் சொத்தைப் பல் பிடுங்கத் தாம்பரத்தில் ஒரு பல் டாக்டரிடம் ஜென்சிதான் அழைத்துப் போனாள். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘இதய நோய் உண்டா?’ உண்டு என்றால் முதலில் மருந்து தருவார்கள், தனியாகக் கவனிப்பார்கள். இங்கேயுமா? ‘இல்லை’ என்று எழுதினாள். யாரும் பார்க்கவில்லை.

ஈறு வழியாக ரத்தத்தில் ஏறிய கிருமி, வால்வை அரித்துவிட்டது. வால்வை மாற்ற ஆபரேஷன். அன்று காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அம்மா தபீதாள் சொன்னாள்: “அவ கட்டில்ல படுத்துடாதடி. இப்பதான் புதுசா விரிச்சிருக்கேன்.”

அதற்காகவே படுத்தாள். ஜோசலின் கிறிஸ்துமஸுக்கு எடுத்து வைத்திருந்த ஊதா சுடிதாரையும் போட்டுக்கொண்டாள்.

மணி 11.40.

டப்... டப்...

மாடியில் யாராவது துணி துவைக்கிறார்களோ? அது வெறும் மொட்டை மாடி.

டப்... டப்...

மெத்தைக்குள்ளிருந்து வந்தது. அவள் முதுகுக்கு நேர் கீழே.

பக்கத்துத் தலையணை மெல்ல அமுங்கியது. தொட்டாள். சுட்டது.

எழ முடியவில்லை.

“இல்லைன்னு எழுதினது நான்தான்டி... மன்னிச்சிடு... போயிடு...”

சத்தம் வேகமானது.

மணி 1.05.

நின்றது.

மூன்று மணிக்கு அம்மாவின் போன். “பொழைச்சிட்டாடி. ஸ்தோத்திரம்!”

பத்து நாள் கழித்து ஜோசலினை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். டாக்டர் சொன்னதை அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். “வால்வு மாத்தறப்போ இதயத்தையே நிறுத்தி வச்சிருந்தாங்களாம். பதினொன்னு நாப்பதுலருந்து ஒன்னு அஞ்சு வரைக்கும். மெஷின்தான் ரத்தத்தை ஓட்டுச்சாம்.”

ஜென்சி அந்த மெத்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா காபி போட உள்ளே போனாள். ஜோசலின் கட்டிலில் சாய்ந்தபடி அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

“அந்த ஊதா சுடிதார் உனக்கு ரொம்ப டைட்டா இருந்துச்சுல்ல, அக்கா?”

ஜென்சி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

“பயப்படாத. அந்தப் படிவத்தைப் பத்தி அம்மாகிட்ட நான் இன்னும் சொல்லல...”