ஜன்னல் பக்கத்துக் கை

பணிமனையில் அவரை 'ஏன் அண்ணன்' என்றே கூப்பிடுவார்கள். லாரிக்கு ஆயில் மாற்றினாலும் ஏன் என்பார், மாற்றாவிட்டாலும் ஏன் என்பார்.

ஸ்டியரிங்கைப் பிடித்தே பாதி ஆயுள் கழிந்ததில் ஜன்னல் பக்கத்துக் கையும் காதும் வெயிலில் வெந்து போயிருந்தன. தோல் புற்றுநோயும் அந்தப் பக்கமாகவே வந்தது. முதலில் முழங்கைக்கு மேல், பிறகு காது மடலில். இரண்டையும் வெட்டி எடுத்த டாக்டரம்மா, "காதுல இன்னொண்ணு பெருசா வந்தா பாதி மடல் போயிடும்" என்று எச்சரித்துவிட்டு ஒரு வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பி3 வகையைச் சேர்ந்த நிகோடினமைடு. ஏற்கெனவே வந்தவர்களுக்கு மறுபடி வருவதை அது ஓரளவு குறைக்கலாம். ஆனால் வெயிலில் காதை மூடும் தொப்பியையும் தோள்வரை நீளும் கையுறையையும் விடக் கூடாது என்றார்.

மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார். ஆனால் மண்டைக்குள் ஒரே குடைச்சல். மூடிக்கொண்டும் இருந்து, மாத்திரையும் போட்டால், காப்பாற்றுவது எது என்று எப்படித் தெரியும்? ஊரைத் தாண்டியதும் உறையைக் கழற்றினார். தொப்பியைப் பின்சீட்டில் எறிந்தார்.

கை தோலுரிந்தபோது மனைவியிடம் மாட்டிக்கொண்டார்.

"ஏங்க, என்ன இது?"

"மாத்திரை வேலை செய்யுதான்னு சோதிக்கிறேன்."

"சோதிக்க வேற ஆளே கிடைக்கலையா? என் புருஷன்தான் கிடைச்சாரா?"

கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா லென்ஸை வைத்துக் காதின் பின்புறத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கடுகளவு ஒரு புள்ளி இருக்கு. சின்னதா வெட்டினா போதும். மடல் தப்பிச்சுது."

உயிர் வந்ததும் கேள்வியும் வந்தது. "மாத்திரை போடலேன்னா ரெண்டா வந்திருக்குமா, டாக்டர்?"

"உங்க ஒருத்தர வெச்சு அத சொல்ல முடியாதுங்க. போட்டவங்க நூத்துக்கணக்குல, போடாதவங்க நூத்துக்கணக்குல, ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுத்தான் குறையுதுன்னு கண்டாங்க. வராமப் போனத யாரு கண்ணால பாக்குறது?"

திரும்பும் வழியெல்லாம் அவர் ஒரு 'ஏன்' கூடக் கேட்கவில்லை. மனைவிக்கே பயமாகிவிட்டது.

காயம் ஆறி வேலைக்குக் கிளம்பிய காலையில் அவராகவே கையை நீட்டினார். அவள் உறையைத் தோள்வரை இழுத்துவிட்டாள்.

"எது காப்பாத்துதுன்னு தெரியாமலே போகட்டும். காப்பாத்தினா சரி."

சொன்னாரே தவிர, பக்கக் கண்ணாடியில் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே வண்டியை எடுத்தார்.