என் கையில் கொடுத்த குழந்தை

என் மகளுக்கு இரண்டு வயது. மறுபடி வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், ஸ்ரீரங்கத்தில் தொடங்கி தென்னூர் வரை டேகேர் தேடி அலுத்துப்போயிருந்தேன்.

தென்னூரில் ஓர் இடத்தை விசாரிக்க மாலையில் போனேன். கதவைத் திறந்த பெண், நான் வாய் திறப்பதற்குள், "நிலா, அம்மா வந்துட்டாங்க பாரு" என்று ஒரு குழந்தையைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டாள். தூக்கக் கலக்கத்தில் அது என் தோளில் சாய்ந்துகொண்டது. அப்படியே நடந்து போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"நான் இந்தக் குழந்தையோட அம்மா இல்லைங்க!" என்று கத்தினேன்.

"சாரி மேடம், வேலைக்கு நான் புதுசு" என்று குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

ஆத்திரம் தாங்காமல் வாசலிலேயே நின்று, நிலாவின் அம்மா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. உள்ளே போய்ச் சண்டை போடுவார் என்று நினைத்தேன். குழந்தையை வாங்கி இறுக அணைத்தபடி, "இவளை இங்க விடாம லீவு போட்டா வேலை போயிடுங்க. வேற நல்ல இடம் தெரிஞ்சா சொல்லுங்களேன்" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. இங்கே போய் யார் பிள்ளையை விடுவார்கள் என்று அதுவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். என் ஃபோன் நம்பரை அவரிடம் கொடுத்தேன்.

இப்போது இருவரும் சேர்ந்துதான் தேடுகிறோம். இன்னும் கிடைத்தபாடில்லை.