பாலத்தைத் தாண்டிய குருமா

முதல் நாள்

சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை கிடைத்து நான் மலேசியாவிலிருந்து முதன்முதலாக ஜொகூர் பாலத்தைக் கடந்த காலையில், எனக்கு முன்னால் வரிசையில் நின்ற லட்சுமியின் பையைத் திறந்து பார்த்தார்கள். லட்சுமியும் என்னைப்போல் ஜொகூரில் இருக்கும் கூலாய் ஊர்க்காரி. அதே கேன்டீனில் எனக்கு முன்பே சேர்ந்தவள். பஸ்ஸில் வழியெல்லாம் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தாள். "பயப்படாத லா. பாஸ்போர்ட்ட நீட்டு, மூஞ்சியக் காட்டு, போய்க்கிட்டே இரு" என்றாள்.

அவள் பையில் சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டலம் கசகசா இருந்தது. கேன்டீன் குருமா தண்ணியாக இருக்கிறது என்று முதலாளி முணுமுணுத்தாராம். அதற்காக வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தாள்.

நம் பக்கத்தில் கசகசா மளிகைக் கடையில் மல்லிக்கும் சீரகத்துக்கும் நடுவில் தொங்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் அது போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் பார்க்கிற சாமான். அபினிச் செடியின் விதை அல்லவா? அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. லட்சுமிக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது. அவளை ஓர் அறைக்குள் கூட்டிப்போனார்கள். உள்ளே போகும்போது அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை, இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் கண்முன் நிற்கிறது.

விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். பொட்டலம் மட்டும்தான் போயிற்று என்று நினைத்தோம். ஆனால் கம்பெனி அவளுடைய வேலை பெர்மிட்டை ரத்து செய்துவிட்டது. அதன்பிறகு அவள் பஸ் நிற்கும் பக்கமே வரவில்லை.

நான் வேலையை விட்டு நிற்கும் வரை, தினமும் கிளம்புமுன் என் பையைத் தரையில் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்யட்டும்.

எங்கள் குரூப்

ஓய்வுக்குப் பிறகு வீட்டிலிருந்தே சாப்பாடு செய்து கொடுக்க ஆரம்பித்தேன். அப்படிச் செய்கிற பெண்கள் சேர்ந்து வாட்ஸாப்பில் ஒரு குரூப் வைத்திருக்கிறோம். நான்தான் அட்மின். கூலாய், செடெனாக், ஆயர் ஈத்தாம், சிகாமட் என்று பல ஊர்க்காரிகள். காலையில் கண் விழித்தால் குரூப்பில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். தேங்காய்ப்பால் தீர்ந்துபோச்சு, டின் பால் ஊத்தலாமா? புளி இல்ல, காஞ்ச அசாம் கெப்பிங் துண்டு போட்டா மீன் குழம்பு தாங்குமா? சம்பலில் உப்பு கூடிப்போச்சு, காப்பாத்துங்க!

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது செய்முறை சொன்னால் வெறும் வாயால் சொல்லி விடமாட்டோம். அதில் போட்ட முக்கியமான சாமானில் ஒரு பிடி பொட்டலம் கட்டிக் கூடவே கொடுப்போம். கடையில் தேடி அலையாமல் அவர்கள் உடனே செய்து பார்க்கலாம். நல்ல பழக்கம்தான். இந்தக் கதையில் என் உயிரை வாங்கியதும் அதுதான்.

குரூப்பில் கோகிலா என்று ஒருத்தி. கூலாயில் என் வீட்டுக்கு இரண்டு லோரோங், அதாவது சந்து, தள்ளி இருக்கிறாள். சிங்கப்பூரில் மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மதிய ஷிப்ட். புருஷன் முரளி லாரி ஓட்டியவர். விபத்தில் கால் முறிந்து வீட்டில் இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். கோகிலாவின் பெர்மிட்தான் அந்த வீட்டின் சோறு.

நல்லவள். ஆனால் எந்தச் செய்முறையையும் சொன்னபடி செய்யமாட்டாள். மிளகு போடச் சொன்னால் மிளகாய் போடுவாள். வெந்தயம் தாளிக்கச் சொன்னால், "வீட்ல சோம்பு இருந்துச்சி கா" என்பாள். பிறகு ருசி வரவில்லை என்று என்னிடமே வந்து நிற்பாள். "அப்புறம் எதுக்குடி என்னைக் கேக்குற?" என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

கண்ணில் மருந்து விட்ட நாள்

அன்று காலை எனக்குக் கண் பரிசோதனை. மருந்து விட்டு அனுப்பினார்கள். போனில் எழுத்தெல்லாம் கலங்கிய கஞ்சி. மதியம் வீட்டுக்கு வரும் வழியில், என் வீட்டுக்காரர் ஓட்டிய காரில் சாய்ந்துகொண்டு, குரூப்பில் வந்திருந்த குரல் செய்திகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

முதலில் கோகிலா. "அக்காமாரே, இன்னிக்கி எங்க லைன்ல விருந்து. சூப்பர்வைசர் வேற ஊருக்குப் போறாங்க. அவங்கதான் என் பெர்மிட் புதுப்பிக்க எழுதிக் குடுத்தவங்க. கோழி குருமா கொண்டாரேன்னு சொல்லிட்டேன். கூட வேலை செய்ற பொண்ணுக்கு முந்திரி ஒத்துக்காது, உடம்பு தடிச்சிடும். வேற என்னா அரைச்சி ஊத்தலாம்?"

அடுத்தது சிகாமட் புஷ்பம். கைப்பக்குவத்துக்குப் பேர்போனவர். ஆற்றுவெள்ளம் வீட்டுக்குள் வந்த வருடமும் மேசை மேல் அடுப்பை வைத்துப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சமைத்துப் போட்டவர். பாலத்தை ஒருநாளும் தாண்டியதில்லை. "கசகசா போடு மா. ஊற வெச்சி, தேங்காயோட மையா அரை. முந்திரி தோத்துப்போயிடும். விழுதைச் சின்ன டப்பாவுல தனியா கொண்டு போ, சூடு பண்றப்ப கலந்துக்கோ, அப்பதான் திரியாது. ருசி புடிச்சி யாராச்சும் கேட்டா குடுக்க ஒரு பொட்டலமும் கட்டிக்கோ."

கடைசியாக மறுபடியும் கோகிலா. "சரி ஆன்ட்டி. நன்றி ஆன்ட்டி. ஊற வெச்சிட்டேன்."

லட்சுமி திரும்பிப் பார்த்த முகம்தான் கண்ணுக்குள் வந்தது. இப்போது அந்த முகத்தில் கோகிலா இருந்தாள்.

"கோகிலா பஸ் எத்தன மணிக்கி?" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் பயந்து பிரேக் போட்டுவிட்டார். "அது எப்பவோ போயிருக்கும். ஏன், என்னாச்சி?" என்றார். அவர் கையில் போனைக் கொடுத்து அழைக்கச் சொன்னேன். கிடைக்கவில்லை. பாலத்தை நெருங்கியதும் அவள் மலேசிய சிம்மைக் கழற்றிவிட்டு சிங்கப்பூர் சிம்மைப் போடுவாள். அந்த நம்பர் என்னிடம் இல்லை.

முரளியை அழைத்தேன்.

"அவ போய்ட்டாளே கா. பெரிய டப்பா, சின்ன டப்பா, ஒரு பொட்டலம், எல்லாத்தையும் எடுத்து வெச்சிட்டுத்தான் போனா. பொட்டலத்த மறந்துட்டா, நான்தான் நொண்டிக்கிட்டே கேட் வரைக்கும் கொண்டுபோய்க் குடுத்தேன்." பெருமையாகச் சொன்னார். "ஏன் கா?"

என்ன சொல்வது? உன் கையால்தான் கொடுத்தாய் என்றா? "ஒன்னுமில்ல தம்பி, குருமா வாசம் இங்க வரைக்கும் வந்துச்சி" என்றேன். அவர் சிரித்தார். அவளுடைய சிங்கப்பூர் நம்பரை மட்டும் கேட்டு வாங்கினேன்.

அதில் மணி அடித்தது, ஆனால் அவள் எடுக்கவில்லை. தொழிற்சாலைக்குள் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அப்படியென்றால் வேலைக்குப் போய்விட்டாள் என்று ஒரு மனசு சொன்னது. இல்லை, அந்த அறையில் மேசை மேல் போன் அடித்துக்கொண்டிருக்கிறது என்று இன்னொரு மனசு சொன்னது. இரண்டாவதுதான் சத்தமாகச் சொன்னது.

புஷ்பத்தை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை.

"கசகசாவா? நம்ம கடையில விக்கிறாங்களே!"

"நம்ம கடையில விப்பாங்க ஆன்ட்டி. அங்க புடிப்பாங்க."

"அலமாக்!" என்றார். அப்புறம் அழ ஆரம்பித்துவிட்டார். "அந்தப் புள்ளைக்கி ரெண்டு கொழந்தைங்க மா. நல்லதுன்னு நெனச்சித்தானே சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ருசிக்கு அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

பிரேக்

கேன்டீனில் வேலை பார்த்த எனக்கு ஷிப்டின் பிரேக் நேரம் தெரியாதா? அதுவரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன், அணைத்தேன். வெங்காயத்தை உரித்து உரித்து ஒன்றுமில்லாமல் ஆக்கினேன். முரளி அழைத்துவிடுவாரோ என்று பயம். அழைக்காவிட்டால், எங்கிருந்தாவது அவருக்கு அழைப்பு வந்திருக்குமோ என்று அதைவிடப் பயம். பெர்மிட் போனால் பிள்ளைகளின் பள்ளிக்கூட பஸ், வீட்டு வாடகை, முரளியின் கால், ஒவ்வொன்றாக வந்து என் சமையலறையில் உட்கார்ந்துகொண்டன.

பிரேக் நேரம் வந்தது. போன் வரவில்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். என்ன வேண்டுவது என்றுகூடத் தெரியவில்லை. அப்போது அடித்தது.

"என்னா கா, இத்தன மிஸ்டு கால்? வீட்ல யாருக்காச்சும் ஏதும் ஆயிடுச்சா?"

"நீ எங்கடி இருக்க?"

"கேன்டீன்லதான். குருமா காலி கா! சட்டிய வழிச்சி நக்குறாங்க."

"அந்தப் பொட்டலம்?"

"அத ஏன் கேக்குறீங்க! இன்னிக்கின்னு பாத்து என் பையத் தொறக்கச் சொன்னாங்க கா. பொட்டலத்தப் பிரிச்சி, மோந்து பாத்து, என்னா ஏதுன்னு ஆயிரம் கேள்வி. பொட்டுக்கடலைன்னு ஒன்ன வாயில போட்டுக் காட்டுனேன். சிரிச்சிட்டு வுட்டுட்டாங்க."

"பொட்டுக்கடலையா? கசகசா எங்கடி?"

"திட்டாதீங்க கா. ஊறவே இல்ல, மிக்ஸில சுத்துதே தவிர அரைபடல. நேரமாயிடுச்சி. பொட்டுக்கடலை இருந்துச்சி, அத அரைச்சி ஊத்திட்டேன். எதப் போட்டோமோ அதத்தானே பொட்டலம் கட்டணும்? அதையே கட்டிட்டேன்."

நான் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. சொன்னபடி செய்யாத அந்தக் கழுதையை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அப்புறம் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னேன். கசகசா என்றால் என்ன, லட்சுமிக்கு என்ன ஆனது, எல்லாம்.

"அக்கா" என்றாள் கடைசியில். குரல் மாறியிருந்தது. "ஊற வெச்சது வீட்ல அப்படியே இருக்கு. நாளைக்கி அத நல்லா அரைச்சி, நெஜக் குருமா கொண்டாரேன்னு இவங்ககிட்ட இப்பதான் சொன்னேன்."

போனை வைத்தேன். உடனே முரளி வீட்டுக்கு நடந்தேன். கண் இன்னும் சரியாகத் தெளியவில்லை. அடுப்பு மேடையில் ஒரு கிண்ணம், தட்டு போட்டு மூடியிருந்தது. சாதாரண கசகசா, தண்ணீரில் நன்றாக ஊறியிருந்தது. முரளியிடம் ஒரு பாத்திரம் வாங்கி, அதை அங்கேயே பாயசம் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதைப் படிக்கிற பிள்ளைகளே, சமைத்து விற்கிறவர்களுக்கு நான் சொல்ல இதுதான் இருக்கிறது. ஒருவர் மாற்றுச் சாமான் கேட்டால், எது ருசி என்று யோசிப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். யார் சாப்பிடப்போகிறார்கள்? சாப்பாடு எங்கே போகிறது? முந்திரி ஒத்துக்கொள்ளாத பெண்ணை கோகிலா மறக்கவில்லை. முதல் கேள்வியை அவள் கேட்டுவிட்டாள். இரண்டாவதை அன்று யாரும் கேட்கவில்லை.

இப்போது குரூப்பில் அதைக் கேட்கிறவர் புஷ்பம்தான். யார் எதைக் கேட்டாலும் அவருடைய குரல் செய்திதான் முதலில் வரும். போன வாரம் கோகிலா, ரசத்துக்குத் தக்காளி இல்லை, என்ன போடலாம் என்று கேட்டாள்.

"மொதல்ல சொல்லு மா, ரசம் எங்க போகுது?"

"எங்கயும் போகல ஆன்ட்டி, வீட்லதான்."

"நெஜமா?"

"நெஜமா ஆன்ட்டி."

அதற்குப் பிறகுதான் புஷ்பம் செய்முறையைச் சொன்னார். கோகிலா அதன்படி செய்யவில்லை. நான் திட்டவும் இல்லை.