பெரிய வெள்ளிக்குத் தேடிய மருந்து

பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலில் மாதாவின் ஒப்பாரி பாடுவது என் மச்சாள்தான். என் கணவரின் அக்கா. லண்டன் இல்ஃபோர்டில் எங்களோடுதான் இருக்கிறார். சிலுவையடியில் நின்று மகனைப் பார்த்துத் தாய் அழுகிற அந்தப் பாட்டு ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட நீளும். இருந்து பாடக்கூடாது என்று கோயிலில் ஒரு சட்டமும் இல்லை. அது மச்சாளின் சொந்தச் சட்டம். "மாதா நிண்டவ. நான் கதிரையில இருந்து பாடுறதோ?" என்பார்.

நிற்பதுதான் அவருக்குப் பெரும்பாடு. மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்து பல வருஷமாகிறது. நினைத்த நேரத்தில் கால் இரண்டும் இறுகி விறைத்துப்போகும். வலியில் உதடு வெளுத்துவிடும், வாயிலிருந்து ஒரு சத்தம் வராது. போன வருஷம் ஒப்பாரியின் நடுவிலேயே கால் இழுத்துவிட்டது. முன்வரிசை வாங்கைப் பிடித்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் பாடி முடித்துவிட்டுத்தான் சரிந்தார். அடுத்த வருஷம் வேறு ஆரும் பாடட்டும் என்று அவரே சொன்னார். சொன்ன அன்று ஒரு வாய் சோறு உள்ளே போகவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

விறைப்புக்கு முதலில் கொடுத்த குளிசைகள் இறுக்கத்தோடு சேர்த்துக் காலில் இருந்த கொஞ்ச நஞ்சப் பலத்தையும் எடுத்துவிட்டன. பிறகு வாய்க்குள் அடிக்கிற ஒரு ஸ்பிரே. அது கஞ்சாச் செடியிலிருந்து எடுத்தது என்று அறிந்ததும் மச்சாள் சிலுவை போட்டுக்கொண்டார். அடித்துப் பார்த்தார், வாயெல்லாம் புண். கடைசியில் இந்த வகை மருந்துகளை எழுதிக்கொடுக்க அனுமதி உள்ள சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் போனோம். எலிசபெத் லைன் ரயிலில் போகும் வழியெல்லாம் மச்சாள் என்னிடம் சத்தமாகப் புலம்பினார். "கஞ்சா அடிக்கிறவள் ஒப்பாரி பாடுறாள் எண்டு கோயில் முழுக்கக் கதைப்பினம், பாரும்."

"பக்கத்திலை இருக்கிறவைக்குத் தமிழ் தெரியாது எண்டு நினைச்சுக் கத்தாதேங்கோ" என்றேன். எதிரே இருந்த பெண் சிரித்துவிட்டாள்.

மருத்துவர் மதுரைக்காரப் பெண். எங்கே வலிக்கிறது என்று கேட்பார் என்று நாங்கள் காத்திருக்க, "உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்டார். இத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கியும் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. மச்சாள் ஒப்பாரியைச் சொன்னார்.

"எங்க ஊர்ல சாவு வீட்டுலதான் ஒப்பாரி பாடுவாங்க."

"இதுவும் செத்த வீடுதான், பிள்ளை" என்றார் மச்சாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் பேசியதெல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்தை வைத்துத்தான். செடியில் முக்கியமான பொருள் இரண்டு. டிஎச்சி இறுக்கத்தையும் வலியையும் தளர்த்தும், கூடினால் தலையைச் சுற்ற வைக்கும். சிபிடி அப்படிப் போதை தராது. இந்த இரண்டும் எந்த அளவில் சேர்கிறது, எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்பதில்தான் வித்தியாசமெல்லாம். காய்ந்த பூவைச் சின்ன மெஷினில் சூடாக்கி ஆவியாக இழுத்தால் சில நிமிஷத்தில் கேட்கும், சீக்கிரம் விட்டும் போகும். சுருட்டிப் புகைப்பது சட்டப்படி குற்றம். நாக்கின் கீழ் விடும் எண்ணெய் மெதுவாக வந்து மணிக்கணக்கில் நிற்கும். விழுங்கும் கேப்சூல் இன்னும் மெதுவாக வேலை செய்யும். எதுவானாலும் துளியில் தொடங்கி மெல்லத்தான் கூட்ட வேண்டும். இவ்வளவையும் அவர் அவசரமே இல்லாமல் சொன்னார். எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

எண்ணெயும், காலின் திடீர் இழுப்புக்கு மட்டும் கொஞ்சம் பூவும் வீட்டுக்கு வந்தன. ஒரு கிழமை போயும் காலில் ஒரு மாற்றமும் இல்லை. ஒருநாள் வேலையால் வந்து கதவைத் திறக்கிறேன், மச்சாள் சோபாவில் காலை நீட்டியிருக்கிறார், என் கணவர் நிலத்தில் இருந்து அந்த எண்ணெயை முழங்காலில் தேய்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு முழங்காலும் மினுங்கின.

"உங்களுக்கென்ன விசரோ? நாக்குக்குக் கீழ விடச் சொன்னதெல்லே!"

"வாயில விட்டாத்தான் கஞ்சா. காலில பூசினா எண்ணெய்" என்றார் மச்சாள். கணவரும் தலையாட்டினார். அக்கா சொன்னால் அவருக்கு அதுதான் வேதம். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி இரண்டு பேரையும் வறுத்தெடுத்தேன்.

தொலைபேசியில் மருத்துவர் என்னைப் போலக் கத்தவில்லை. "மேல தேய்ச்சா நரம்புக்குப் போய்ச் சேராதும்மா" என்றார். பிறகு மச்சாளிடம், "இதை நான்தான் எழுதிக் கொடுத்திருக்கேன். தப்புன்னா அது என் தப்பு, உங்களோடது இல்லை" என்றார். போனை வைத்ததும் மச்சாள் எண்ணெய்ப் போத்தலைக் கையில் எடுத்தார். அன்று முதல் துளி நாக்கின் கீழ் போனது. ஆள் ஒருமுறை தீர்மானித்துவிட்டால் பிறகு அவரை அசைக்க ஏலாது. துளித் துளியாகக் கூட்டி, தலை சுற்றினால் ஒரு படி இறக்கி, தன் உடம்பைத் தானே படித்தார். பூவை இழுத்த முதல் நாள் கால் உடனே இளகியது. ஆனால் டிவியில் வந்த சோபா விளம்பரத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். தொண்டையும் கரகரத்தது. "இது பாட்டுக்கு உதவாது" என்று தவக்காலம் முழுக்க அதைத் தொடவேயில்லை. திடீரென்று கால் இழுத்தால் கைகொடுக்க அது ஒன்றுதான் இருந்தது. அதையும் குரலுக்காக விட்டார். இந்த மனுசியின் நெஞ்சுரம் எனக்கு ஒருநாளும் வராது.

இன்னொரு சிக்கல் கடைசியில் வந்தது. எண்ணெயை ஏதாவது சாப்பாட்டோடு எடுத்தால்தான் அவர் உடம்பு ஒழுங்காக ஏற்றுக்கொண்டது. பெரிய வெள்ளியன்று அவர் பச்சைத் தண்ணீரோடு ஒருசந்தி நோன்பு இருப்பவர். நோயாளிக்கு ஒருசந்தி இல்லை என்று பாதர் சொன்னார். அது மச்சாளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அன்று காலை குசினியில் நின்று, முகத்தைச் சுழித்துக்கொண்டு, பட்டர் பூசிய பாண் துண்டு ஒன்றைச் சாப்பிட்டார். அதன் பிறகு துளிகளை விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஆருக்கும் சொல்லாதேயும்."

கோயிலில் நான் பாட்டைக் கேட்கவில்லை, அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து வாயை உலர்த்தும் என்பதால் இடையிடையே ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். வாங்கில் கை வைக்கவில்லை. நேராக நின்று, ஒரு சொல் பிசகாமல் பாடி முடித்தார்.

வெளியே வந்ததும், வருஷா வருஷம் ஒப்பாரி கேட்க வருகிற ஒரு அக்கா மச்சாளின் கையைப் பிடித்தார். "நல்லாத்தான் இருந்தது. எண்டாலும் முந்தின மாதிரி உருக்கம் இல்லையப்பா. போன வருஷம் நாங்கள் எல்லாரும் தேம்பித் தேம்பி அழுதனாங்கள்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மனுசியை அங்கேயே நார் நாராகக் கிழித்திருப்பேன். மச்சாள் என் கையை அமத்திப் பிடித்துக் காருக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கோபமும் இல்லாத குரலில் சொன்னார்.

"அவ சொன்னது சரி. இவ்வளவு வருஷமும் நான் என்ரை காலுக்கெல்லே அழுதனான். இண்டைக்குத்தான் மாதாவுக்கு அழுதனான்."