சந்தை நடுவே ஒரு குருசடி

இந்தக் கதை மொன்றியலில் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் பலமுறை சொல்லப்பட்டு, ஒவ்வொரு முறையும் சற்றுப் பருத்துவிட்டது. கடைசியாகக் கேட்டபோது அதில் இரண்டு பொலிஸ்காரர்கள் சேர்ந்திருந்தார்கள். பொலிஸ் எவரும் வரவில்லை. ஆகவே நான் கண்டதையும், மனைவியிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுவில் ஒரு கோடை. மனைவி குழந்தைகள் காப்பகம் ஒன்றில் தற்காலிகமாக வேலை செய்துவந்தாள். பிரெஞ்சுத் தேர்வில் தேறினால்தான் அவ்வேலை நிரந்தரமாகும். முன்னரே இருமுறை தவறியிருந்தாள். மூன்றாம் முறை எழுதிவிட்டு, முடிவு வருமுன் இங்கிலாந்திலுள்ள அவளுடைய அண்ணனைப் பார்க்கப் புறப்பட்டோம். அங்கே கண்ணிற்படும் முதற் குருசடியில் மெழுகுதிரி ஏற்றுவதாக அவள் நேர்ந்திருந்தாள். குருசடி என்பது யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தெருவோரத்தில் சிலுவை நாட்டிய சிறு வழிபாட்டிடம். திரி அவளுடைய கைப்பையிலேயே இருந்தது.

மச்சான் எங்களைப் பழைய சந்தை நகரம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். "ரெண்டுபேரும் குறொஸடியிலை நில்லுங்கோ, நான் காரை விட்டிட்டு வாறன்" என்று சதுக்கத்தில் இறக்கிவிட்டார்.

அவர் குறிப்பிட்டது, 'குறொஸ்' (சிலுவை) என்று அவ்வூரார் அழைக்கும் கட்டடத்தின் அடியை. மனைவியின் காதில் விழுந்ததோ குருசடி. எண்கோணமாய் நின்ற கல் தூண்கள், மேலே கூரை, சுற்றிலும் பூச்செடிக்காரரும் மீன்காரரும். அவள் சால்வையைத் தலையில் இட்டு, சிலுவை அடையாளம் வரைந்து, திரியை ஏற்றினாள். காற்று அணைத்தது. பக்கத்தில் பாலாடைக்கட்டி விற்றவர் ஒன்றும் கேளாமல் ஒரு வெற்றுப் பெட்டியைக் கொண்டுவந்து மறைப்பாக வைக்க, அவள் மறுபடி ஏற்றினாள். "மெர்சி" என்றாள் மனைவி. தேர்வறையில் அவளைக் கைவிட்ட உச்சரிப்பு அங்கே பிசகில்லாமல் வந்தது.

திரும்பிவந்த மச்சான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பிள்ளை, இது குருசடி இல்லையடி! அந்தக் காலத்திலை பெண்டுகள் இருந்து வெண்ணெயும் முட்டையும் வித்த மடம்."

"பேந்து ஏன் குருசடி எண்டனீங்கள்?"

"நான் சொன்னது குறொஸ். மேலை பார், சிலுவை எங்கை இருக்கு?"

உச்சியில் ஒரு கல்லுருண்டைதான் இருந்தது.

"அப்ப என்ரை நேர்த்தி?"

"முட்டை வித்த இடத்திலை கேட்டால் முட்டைதான் கிடைக்கும்."

அவள் சிரிக்கவில்லை. பிற்பகல் நகரத்துக்கு வெளியே ஆற்றோரமாக நடந்தோம். புல்வெளியில் செம்மறிகள் மேய்ந்தன. பழைய கற்பாலத்தில் அமர்ந்து மச்சான் வீட்டில் பொரித்துக் கொண்டுவந்த பற்றிஸ் பலகாரப் பொதியை அவிழ்த்தார்; அவள் ஒன்றும் எடுக்கவில்லை. அப்போது அவருடைய கைபேசி ஒலித்தது. மொன்றியலை அடுத்த கர்க்லாண்டிலிருந்து, தேர்வு முடிவுக் கடிதத்தைப் பிரித்த எங்கள் மகள். "அம்மா, பாஸ்!" என்று அவள் கத்தியது எனக்கே கேட்டது.

"இப்ப சொல்லுங்கோ அண்ணை, முட்டையோ?"

"அம்மா தாயே, நான் ஒண்டும் கதைக்கேல்லை."

மனைவி இரண்டு பற்றிஸை ஒன்றாக எடுத்தாள். பிறகு எங்களை மீண்டும் சந்தைக்கு நடத்திச் சென்றாள். கடைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் மறைவில் திரி முழுதும் எரிந்து முடிந்திருந்தது. அவள் பாலாடைக்கட்டி வாங்கினாள். உச்சியில் முன்பு சிலுவை இருந்ததா என்று விற்றவரைக் கேட்டாள். இருந்ததாகத் தம் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறாராம். அருகிலிருந்த அறிவிப்புப் பலகையில் அதுபற்றி ஒரு சொல்லும் இல்லை.

நேர்த்தி செல்லும் என்பது மனைவியின் முடிவு. செல்லாது என்பார் மச்சான், அவள் அருகில் இல்லாதபோது. அங்கே எப்போதாவது சிலுவை இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.