தினமும் புதுச் சுருள்

பட்டறையில் என் தம்பிக்குக் கல்லுளிமங்கன் என்று பட்டப்பெயர். உளி பிடிக்கிற தச்சன் என்பதற்காக வைத்ததல்ல. அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தையை வாங்குவதற்குள் நமக்குப் பல் விழுந்துவிடும், அதற்காக வைத்தது. கல்யாணம் பண்ணிக்கொள்ளடா என்று இருபது வருடம் அவனைக் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம்க்கா" என்பான். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டே நாற்பத்தெட்டு வயது வரை ஓட்டிவிட்டான். என் வீட்டுக்காரர் போன பிறகு நானும் அவனோடு வந்து சேர்ந்தேன். வாடகை வீடு, இரண்டே அறை. முன்னறையில் என் தையல் மிஷின், பின்னறையில் அவன் கட்டில்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தவன் ஒரு செருப்பு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். மூடியைத் திறந்து பார்த்தேன். நான் போட்ட கத்தலில் மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"எலியாடா? ஊர்ல அவனவன் எலியை விரட்ட முடியாம தவிக்கிறான், நீ கூட்டிட்டு வந்திருக்கியா?"

"ரெண்டும் பொண்ணுக்கா," என்றான்.

நான் அதைத்தான் கேட்டேன் பாருங்கள்! வளர்ப்புப் பிராணிக் கடை ஒன்றுக்கு அலமாரி அடிக்கப் போயிருக்கிறான். அங்கே பாம்புக்குப் போடுவதற்கென்று ஒரு தொட்டி நிறைய எலிகள். மூன்று நாள் வேலையில் தொட்டி காலியாகிக்கொண்டே வந்ததைப் பார்த்திருக்கிறான். கடைசியில் மிஞ்சிய இரண்டைக் கேட்டு வாங்கி வந்துவிட்டான். ஒன்று வெள்ளை, உடம்பு கொஞ்சம் பெருத்தது. இன்னொன்று சாம்பல் நிறம், துருதுருப்பு. பெயர் யோசிக்கிற அளவுக்கெல்லாம் அவன் பேசுகிறவன் இல்லை. பெரியவள், சின்னவள், அவ்வளவுதான்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எனக்கு இந்த ஐம்பத்து நான்கு வயதில் தனி வளை வாய்க்கவில்லை. அவளுகளுக்கு ஒரே வாரத்தில் மூன்று அடுக்கு மாளிகை வந்துவிட்டது. ஊரார் வீட்டுக் கதவுக்கெல்லாம் ஆணி அடித்து முடிக்கிறவன், இந்தக் கூண்டின் சட்டத்துக்கு ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. எல்லாம் காடி வெட்டிச் சேர்த்த மூட்டு. ஏணிப் படியின் விளிம்பைக்கூட விரலால் தடவிப் பார்த்துத் தேய்த்தான், அவளுகள் காலில் மரச்சிம்பு ஏறிவிடக் கூடாதாம்.

காலையில் வேகவைத்த பட்டாணி, சாயங்காலம் ஓட்ஸ், வாரத்துக்கு ஒரு துண்டு முட்டை. நான் வைத்தால் சின்னவள் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவாள். அவன் வைத்தால் இரண்டு பேரும் அவன் உள்ளங்கையிலேயே உட்கார்ந்து தின்பார்கள். தின்று முடித்துப் பல்லை நறநறவென்று அரைப்பார்கள். கோபம் என்று நினைத்து நான் முதலில் நகர்ந்துகொண்டேன். "சந்தோஷம் வந்தா அப்படித்தான்க்கா செய்யும்," என்றான். மனிதர்களிடம் பேசாமல் மிச்சம் பிடித்ததையெல்லாம் அவளுகளிடம் பேசினான். பட்டறையில் எந்தக் கதவு கோணிக்கொண்டது, எவன் அளவைத் தப்பாக எடுத்தான் என்று என்னிடம் சொல்லாத கதையெல்லாம் கூண்டுக்கு முன்னால் நடக்கும். நான் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். பொறாமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

கூண்டுக்குள் விரிக்கப் பட்டறையிலிருந்து சாக்கில் மரச்சுருள் கொண்டுவருவான். மரம் அறுக்கிற மிஷினில் விழுகிற தூள் கண்ணை உறுத்தும் என்று அதைத் தொட மாட்டான். வேலை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, மிச்சமான பைன் பலகை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, கை இழைப்புளியால் இவளுகளுக்கென்றே மெல்லிசாகச் சீவுவான். நல்ல மணமுள்ள பலகையாக முகர்ந்து பார்த்துத்தான் எடுப்பான். சாக்கைப் பிரித்தால் வீடே மணக்கும். எலி வீட்டு நாற்றமே தெரியவில்லை என்று நானும் அதை மெச்சியிருக்கிறேன்.

ஆறேழு மாதம் கழித்துப் பெரியவள் தும்ம ஆரம்பித்தாள். எலித் தும்மலைக் கேட்டிருக்கிறீர்களா? தீக்குச்சியை உரசுகிற சத்தம்தான் வரும். எனக்குச் சிரிப்பாக வந்தது. பிறகு ஒருநாள் அவள் மூக்கைச் சுற்றிச் சிவப்பாக ஒட்டியிருந்தது. ரத்தம் என்று நினைத்து அவன் முகம் செத்துப் போயிற்று. அரை நாள் லீவு போட்டுவிட்டு, தெரு முனையில் நாய்களுக்கு ஊசி போடுகிற டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். அந்த ஆள் சிரித்திருக்கிறார். "எலிக்கு மருந்துதானே? மளிகைக் கடையிலேயே விக்குதே!" காத்திருந்தவர்களும் சிரித்திருக்கிறார்கள். வந்தவன் இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை, எலிகளோடும் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவனாகவே ஒரு முடிவுக்கு வந்தான். "கூண்டு சுத்தம் போதலக்கா. வாரத்துக்கு ஒரு தடவை மாத்துறது பத்தாது." அன்றிலிருந்து தினமும் புதுச் சுருள். ஒரு மணி நேரம் கூடுதலாக நின்று சீவிவிட்டு, கை காய்த்துப் போய் வருவான். பெரியவளுக்கு இளைப்பு கூடியது. அவளைக் காதோரம் வைத்துக் கேட்பான், உள்ளே கரகரவென்று சத்தம். இன்னும் நிறையச் சுருள் போடுவான். கண் முன்னால் நடந்தது இது. எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

பட்டறையில் நூறு கதவுக்கு ஆர்டர் வந்தது. லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை. சின்னவளும் தும்ம ஆரம்பித்தபோது நான் பொறுக்க மாட்டாமல், இரண்டையும் பழைய செருப்பு டப்பாவில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி ஒரு பிராணிகள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்னப் பெண்தான் டாக்டர். சிரிக்கவில்லை. பெரியவளைத் துணியில் சுற்றி, தராசில் நிறுத்து, நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள். பிறகு டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு சுருளை எடுத்து முகர்ந்தாள்.

"இது என்ன மரம்மா?"

"பைன். என் தம்பி தச்சன். இதுங்களுக்குன்னே சீவிக் கொண்டு வருவான், தினமும் புதுசு."

பெருமையாகத்தான் சொன்னேன். அந்தப் பெண் சுருளைக் கீழே வைத்தாள்.

"நமக்கு வாசனையா இருக்கிறது இதுங்களோட நுரையீரலுக்கு ஆகாதும்மா. ஏற்கெனவே இதுங்க உடம்புல கிருமி இருக்கும், இது சேர்ந்தா புண்ணாக்கிடும். புதுசுலதான் அந்த வாசனை அதிகம். தினமும் மாத்தினது..." என்று நிறுத்திக்கொண்டாள். "பெரியவளுக்குக் கை மீறிப் போச்சு. சின்னவளைக் காப்பாத்தலாம். மருந்து தர்றேன். ஆனா இந்தச் சுருள் இனிமே கிட்டவே வரக் கூடாது."

திரும்பி வருகிற இரண்டு பஸ்ஸிலும் நான் யோசித்தது ஒன்றைத்தான். இதை அவனிடம் எப்படிச் சொல்வது? உன் கையால்தான் என்று எந்த வாயால் சொல்வது? என் வாய் ஊருக்கே தெரிந்த வாய். எதையும் படீரென்று போட்டு உடைக்கிற வாய். அன்றைக்கு அது எனக்கு உதவவில்லை. வீட்டுக்குப் போனதும் கூண்டைத் துடைத்தேன். இருந்த சாக்கைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினேன். தையலில் மிஞ்சிய பருத்தித் துணிகளைத் துவைத்துக் காயவைத்து மூன்று அடுக்கிலும் விரித்தேன்.

"வீட்டுக்காரம்மா சத்தம் போட்டாங்கடா," என்றேன் அவன் வந்ததும். "மரத்தூள் சாக்கடையை அடைக்குதாம். இனிமே சுருள் கொண்டுவந்தா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. டாக்டர் மருந்து கொடுத்திருக்காங்க, சரியாப் போயிடும்."

கையில் அன்றைக்குச் சீவிய சுருள். கூண்டுக்குள் விரித்திருந்த துணியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு சுருளைக் கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டு வந்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன். எவ்வளவு முட்டாள் நான்.

ஒன்பதாம் நாள் காலையில், அவன் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில், பெரியவள் அவன் உள்ளங்கையிலேயே அடங்கினாள். அவன் அழவில்லை. சுருண்டு கிடந்தவளை விரலால் நீவி நீட்டிவிட்டான். "சில்லுன்னு இருக்கா," என்றான். பின்பக்கம் செடியடியில் புதைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று போய்விட்டான். சின்னவள் அன்று முழுக்க மூன்றாம் அடுக்குக்கு ஏறுவதும் இறங்குவதுமாகத் தேடிக்கொண்டிருந்தாள். ஆனால் மருந்து கேட்டிருந்தது. அவள் தும்மி நான்கு நாள் ஆகியிருந்தது. அதை நினைத்துத்தான் நான் தைரியமாக இருந்தேன்.

அன்று சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு அவன் வரவில்லை. மாடியில் பேச்சுக்குரல் கேட்டது. காதைத் தீட்டினேன். என் தம்பியின் குரல்! வாடகை கொடுக்கப் போனால்கூட வாசலில் கவரை வைத்துவிட்டு வருகிறவன், ஐந்து நிமிடம் போல நின்று பேசிக்கொண்டிருந்தான்.

இறங்கி வந்தான். தோளில் சாக்கு. நிறையச் சுருள்.

"சுருளுக்குச் சம்மதம் கேட்டுப் பார்க்கலாம்னு போனேன். அவங்க அப்படி எதுவும் சொல்லலையாமே," என்றான். "சாக்கடை அடைக்கவும் இல்லையாம்."

நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"உனக்குப் பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாமேக்கா. நான் வேற இடம் பார்த்திருப்பேன். கதகதப்பாக் கிடந்தவளை வெறும் துணியில போட்டுட்ட. குளிர்ல விறைச்சே போயிட்டா அவ." அவன் குரல் உயரவே இல்லை. "சின்னவளையாவது விட்டுடுக்கா."

வாழ்க்கையில் அவன் என்னிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றுதான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். கெஞ்சினால் என்ன செய்வது? பழி என்னோடு போகட்டும் என்று விட்டுவிடத்தான் மனசு சொன்னது. ஆனால் அவன் சாக்கின் வாய்க்கட்டை அவிழ்த்துக்கொண்டு கூண்டை நோக்கிப் போனான். அந்த மணம் அறை முழுக்கப் பரவியது. சின்னவள் ஒருமுறை தும்மினாள்.

"போடாதடா!" என்று கத்தினேன். "அதுதாண்டா கொன்னுச்சு அவளை!"

சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். புதுசில்தான் அதிகம் என்பதையும் சொன்னேன், அதையாவது விழுங்கியிருக்கலாம். அவன் பாதி குனிந்தபடியே கேட்டான். பிறகு சாக்கின் வாயை மறுபடி இறுகக் கட்டினான். இரண்டு முடிச்சு. வாசலுக்கு வெளியே தூக்கி வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினான்.

சின்னவள் கம்பியில் ஏறி நின்றாள். அவன் வந்தால் கை நீட்டுவான், தோளுக்கு ஏறலாம் என்று அவளுக்குப் பழக்கம். அவனும் பழக்கத்தில் கையைக் கொண்டுபோனான். தாழ்ப்பாளில் விரல் பட்டதும் நின்றுவிட்டான். தன் உள்ளங்கையை முகர்ந்தான். சட்டையின் முன்பக்கத்தைத் தூக்கி முகர்ந்தான்.

"அக்கா, என் மேலயும் இதே வாசனைதானே. முப்பது வருஷமாக் குளிச்சும் போகலையே," என்றான். "நான் இவளைத் தூக்கலாமா, கூடாதா?"

டாக்டரிடம் நான் அதைக் கேட்காமல் வந்திருந்தேன்.