கீழே இருக்கவேண்டிய சிவப்புப் பொத்தான்

பூமியின் தெற்குப் பாதியில் இருக்கிற கார்னார்வனில் பண்ணை வீடுகளுக்குத் துணி துவைத்தே முப்பது வருஷத்தை ஓட்டிய ஹெஸ்டர், இப்போது செத்துப்போன புருஷனின் கறுப்புக் கோட்டுகளை வெட்டி, பொத்தான்களை நட்சத்திரமாகத் தைத்து, வானம் செய்கிறாள். அவள் தைத்த வேடன் நட்சத்திரக் கூட்டம் லண்டன் கண்காட்சிவரை போய்விட்டது.

அங்கிருந்து வந்த படத்தைப் பார்த்ததும், கூடவே தைக்கிற லியானி கொதித்துப்போனாள்.

“அக்கா, தலைகீழா மாட்டி வச்சிருக்கானுங்க! நம்ம வேடனுக்குத் தலை கீழதானே? தோள்ல வச்ச சிவப்புப் பொத்தான் மேல போயிருச்சு பாருங்க. இருங்க, இப்பவே போன் போடுறேன்.”

ஹெஸ்டர் படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். வடக்கே, லண்டன் வானத்தில் வேடன் நிமிர்ந்துதான் நிற்பான். அங்கே அச்சடித்த அவளுடைய பள்ளிப் புத்தகத்திலும் அப்படித்தான் நின்றான். நம் வானத்தில் இருக்கிறபடி தெரியட்டுமே என்று அதைத் திருப்பிப் பிடித்ததற்கு அவளுக்குப் பிரம்படி விழுந்தது.

“விடுடி.”

“எப்படி விடுறது? மூலையில நீங்க தைச்ச உங்க பேரும்ல தலைகீழாக் கெடக்கு!”

ஹெஸ்டர் சிரித்துக்கொண்டே ஊசியில் நூலைக் கோத்தாள்.

“அதான் சொல்றேன். யாரு தைச்சதுன்னு படிக்கணும்னா தலையைக் கவுத்துத்தானே ஆகணும்? கவுக்கட்டும். அப்பத் தெரியும் நம்ம வானம்.”